காலநிலை மாற்றம் நம் வளர்ச்சியைக் குறைக்கிறதா, அதைத் தடுக்க ஆகும் செலவு குறைக்கிறதா?

சேலத்தில் எம்.ஏ. பொருளாதாரம் படிக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "இந்தியா மாதிரி நாடுகள் வளர மலிவான நிலக்கரி மின்சாரம் வேண்டும் என்று ஒரு பேராசிரியர் சொல்கிறார். காலநிலை மாற்றமே ஏழை நாடுகளின் வளர்ச்சியைத் தின்றுவிடும் என்று இன்னொருவர் சொல்கிறார். இரண்டில் எது பெரிய நஷ்டம்? எண்ணாகச் சொல்ல முடியுமா? ஆய்வுக்கு எந்தத் தரவை எடுப்பது?" நீங்கள் உண்மையில் கேட்பது, ஒரு தராசில் இந்தத் தட்டில் வெயிலையும் அந்தத் தட்டில் கரன்ட்டையும் வைத்து, எது கனம் என்று. நான் இருபது வருடத்துக்கு மேலாகக் கோவை, திருப்பூர் பக்கம் மில்களுக்கும் பனியன் கம்பெனிகளுக்கும் எனர்ஜி ஆடிட் செய்கிறவன், அதாவது கரன்ட்டும் எரிபொருளும் எங்கே வீணாகிறது என்று கணக்கெடுத்துச் சொல்கிறவன். அதற்கு முன்னால் உங்களை மாதிரியே பொருளாதாரம் படித்தவன். நான் பார்த்தவரை இரண்டும் ஒரே தட்டில்தான் வந்து உட்காருகின்றன. அதை முதலில் சொல்லிவிட்டு எண்களுக்கு வருகிறேன். எண்களில் சில கெட்டி, சில வெறும் புகை. எது எது என்றும் சொல்கிறேன்.

கோவையையே எடுத்துக்கொள்வோம், எனக்குத் தெரிந்த ஊர். இங்கே முதல் பஞ்சாலை 1888-லேயே வந்துவிட்டது. ஆனால் தெருவுக்குத் தெரு மில் முளைத்தது 1930-களில்தான். காரணம் நீலகிரியில் பைக்காரா. 1932-ல் அங்கே நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கி, மலையிலிருந்து கம்பி கீழே இறங்கியது. பக்கத்தில் நிலக்கரியும் இல்லாத, துறைமுகமும் இல்லாத, மழையும் குறைவான ஓர் ஊருக்கு அது பெரிய விஷயம். மில் வந்தது, மில்லுக்குப் பின்னால் மோட்டார், மோட்டாருக்குப் பின்னால் பம்பு, பம்புக்கு உடம்பு வார்க்க ஃபவுண்டரி. கமலை கட்டி இறைத்துக்கொண்டிருந்தவர்கள் கிணற்றில் மோட்டார் இறக்கினார்கள், பருத்தி போட்டார்கள், அந்தப் பருத்தி மறுபடி மில்லுக்கே வந்தது. கரன்ட் வந்தால் வளர்ச்சி வரும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் என்னிடம் இல்லை. ஆனால் அந்தக் கரன்ட் மழையில் ஓடிய கரன்ட். மழை பொய்த்த வருடம் அதுவும் பொய்க்கும். அதாவது வானிலை ஆரம்பத்திலிருந்தே இந்தக் கணக்குக்குள்தான் இருந்திருக்கிறது, யாரோ நேற்று வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து சேர்த்ததில்லை.

அப்புறம் நம் காலத்துக்கு வருவோம். 2008-லிருந்து 2014 வரை தமிழ்நாட்டில் இருந்தவர்களுக்கு மின்வெட்டைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை. 2012 கடைசியில் சென்னைக்கு வெளியே பல ஊர்களில் ஒரு நாளில் பாதிக்கு மேல் கரன்ட் இல்லை. அந்த வருடம் ஜூலை 30, 31-ல் வட இந்தியா முழுக்க இருண்டது, உலகத்துப் பத்திரிகையெல்லாம் எழுதின. தென்னக மின்தொகுப்பு அப்போது மற்றவற்றோடு ஒத்திசைவாக இணையாமல் தனியாக இருந்ததால் நமக்கு அது தொற்றவில்லை (நாம்தான் ஏற்கெனவே இருட்டில் இருந்தோமே). அதே தனிமையால், மற்ற இடங்களில் மிஞ்சிய மின்சாரத்தை வேண்டிய அளவுக்கு வாங்கவும் வழியில்லாமல் இருந்தது. ராய்ச்சூர் - சோலாப்பூர் 765 கிலோவோல்ட் பாதை இணைந்தது 2013-ன் கடைசி நாளில்.

ஸ்பின்னிங் மில்லில் ஒரு மணி நேரம் கரன்ட் போனால் ஒரு மணி நேர நூல்தானே போகும் என்று வெளியே இருப்பவர்கள் நினைப்பார்கள். நூல் நூற்கிற மெஷினான ரிங் ஃபிரேம் ஒன்றில் ஆயிரத்துக்கும் மேல் ஸ்பிண்டில் (நூல் சுற்றும் கதிர்) இருக்கும். ஓட்டத்தில் திடீரென்று நின்றால் இழைகள் கொத்துக் கொத்தாக அறுந்துபோகும். கரன்ட் திரும்பி வந்ததும் மெஷின் சுற்றும், ஆனால் நூல் வராது. சைடர் பெண்கள் ஒரு கோடியில் தொடங்கி, அறுந்த ஒவ்வொரு இழையையும் விரலால் எடுத்து ஒட்டிக்கொண்டே மறு கோடிக்குப் போக வேண்டும். இதற்கிடையில் கூடத்துக் காற்றை ஈரமாக வைக்கும் ஹியூமிடிஃபிகேஷன் பிளான்ட்டும் நின்றிருக்கும். கூடத்தில் ஈரப்பதம் விழுந்திருக்கும், காய்ந்த பஞ்சு, ஒட்டிய இடத்திலேயே மறுபடி அறும். கோடையில் இது இரட்டை வேதனை, வெளிக்காற்றே காய்ந்துதான் உள்ளே வருகிறது. ஒரு மணி நேர வெட்டு ஒரு மணி நேரத்தோடு முடிந்து நான் பார்த்ததில்லை.

பெரிய மில்காரர்கள் சமாளித்தார்கள். ஜெனரேட்டர் போட்டார்கள்; ஒரு லிட்டர் டீசலுக்கு மூன்று, மூன்றரை யூனிட் வரும், டீசல் அப்போது 45 ரூபாய் பக்கம், அப்படியென்றால் எரிபொருள் மட்டுமே யூனிட்டுக்குப் பதிமூன்று முதல் பதினைந்து ரூபாய். பஞ்சுக்கு அடுத்தபடி பெரிய செலவே கரன்ட்டுதான் என்கிற தொழிலில் இது எப்படி வலித்திருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். பலரிடம் சொந்தக் காத்தாடிகளும் (காற்றாலைகள்) இருந்தன. ஆடிக் காத்தில் அம்மியே நகரும் என்பார்கள். பாலக்காட்டுக் கணவாய், ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றில் எங்கள் பக்கத்து மில்களே நகர்ந்தன. ஆனால் காற்று வைகாசியில் ஏறி புரட்டாசியில் இறங்கிவிடும். இறங்கியதும் வெட்டு ஏறும். சோமனூர், பல்லடம் பக்கம் கூலிக்கு நெய்கிற விசைத்தறிக்காரர்களுக்கோ காத்தாடியும் இல்லை, ஜெனரேட்டரும் இல்லை. எட்டுத் தறி வைத்திருந்த ஒருவர் நாலைப் பழைய இரும்பு விலைக்குப் போட்டுவிட்டு, மிச்சம் நாலை ராத்திரி கரன்ட் வரும்போது எழுந்து ஓட்டினார். இந்த நாலு தறியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இந்த அனுபவத்துக்கு ஒரு நல்ல ஆய்வும் துணை இருக்கிறது. பொருளாதார அறிஞர் ஹன்ட் ஆல்காட்டும் இன்னும் இருவரும் 2016-ல் வெளியிட்டது, இந்தியத் தொழிற்சாலைகளின் பல வருடத் தரவை வைத்து. மின்பற்றாக்குறை ஒரு சராசரித் தொழிற்சாலையின் வருவாயில் 5 முதல் 10 சதவீதத்தைக் குறைத்தது என்பது அவர்கள் முடிவு. உற்பத்தித்திறன் அவ்வளவு அடிபடவில்லை, ஏனென்றால் பஞ்சோ இரும்போ கெட்டுப்போவதில்லை, கரன்ட் வந்தபின் ஓட்டிக்கொள்ளலாம். ஜெனரேட்டர் இல்லாத சிறிய இடங்களுக்குத்தான் அடி அதிகம். எனக்கு இந்த ஆய்வில் பிடித்தது அதன் உத்தி. மின்வெட்டால் தொழில் படுத்ததா, தொழில் வளர்ந்ததால் மின்வெட்டு வந்ததா என்று பிரிப்பது கஷ்டம். அதற்கு அவர்கள் பிடித்த கயிறு, அணைகளுக்கு வந்த நீர்வரத்து. மழை குறைந்த வருடம் நீர்மின்சாரம் குறையும், அந்த மாநிலத்தில் பற்றாக்குறை கூடும். அந்தக் கூடுதலுக்குத் தொழிற்சாலை முதலாளி காரணமில்லை. கவனித்தீர்களா, கரன்ட்டின் விளைவை அளக்கப் போனவர்களே மழையைத்தான் அளவுகோலாக எடுக்க வேண்டியிருந்தது.

இதன் முற்றிய வடிவம் ஆப்பிரிக்காவின் ஜாம்பியா. அந்த நாட்டு மின்சாரத்தில் 80 சதவீதத்துக்கு மேல் நீர்மின்சாரம். 2024-ல் வறட்சி, கரிபா அணையில் பயன்படுத்தக்கூடிய தண்ணீர் அடிமட்டத்துக்குப் போனது, நாடே தேசியப் பேரிடர் அறிவித்தது, சில இடங்களில் நாள் முழுக்கவே கரன்ட் இல்லை. பெரும்பாலும் கரி எரிக்காத, யாரையும் சூடேற்றாத மின்சாரத்தை வைத்திருந்த ஏழை நாடுதான் முதலில் மாட்டியது. நிலக்கரி மின்சாரம் கூடுதலாக வைத்திருந்தால் தப்பியிருப்பார்களே என்று உங்கள் பேராசிரியர் சொல்லக்கூடும். ஓரளவு சரி. ஆனால் அனல்மின் நிலையத்துக்கும் குளிர்விக்கத் தண்ணீர் வேண்டும். மகாராஷ்டிராவில் பர்லி அனல்மின் நிலையம் 2015-ல் தண்ணீர் இல்லாமல் நின்றது. 2016 மார்ச்சில் கங்கைக் கரையில் இருக்கிற ஃபராக்கா அனல்மின் நிலையமே நின்றது. கங்கைக் கரையில்!

சரி, இப்போது வெயிலை மட்டும் தனியாக எடுத்துப் பார்ப்போம், முடிந்த அளவுக்கு. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் அயர்னிங் செக்‌ஷனுக்கு ஏப்ரல் மாதம் மதியம் மூன்று மணிக்குப் போயிருக்கிறீர்களா? மேலே தகரக் கூரை, டேபிளில் ஸ்டீம் அயர்ன், பக்கத்திலேயே பாய்லரிலிருந்து வருகிற பைப். அங்கே நிற்பவர்கள் பெரும்பாலும் பீஸ் ரேட்டில், அதாவது முடித்த உருப்படிக்கு இவ்வளவு என்ற கூலிக்கு, வேலை செய்பவர்கள். அவர்களை யாரும் மெதுவாகச் செய்யச் சொல்வதில்லை, வேகம் குறைந்தால் அவர்கள் கூலிதான் குறையும். இருந்தும் காலைக் கணக்கும் மதியக் கணக்கும் ஒன்றாக வராது. தண்ணீர் குடிக்க ஒரு நடை, கழுத்தில் ஈரத்துண்டு, வாசலில் போய் ஐந்து நிமிடம். மறுநாள் இருவர் வரவில்லை. சூப்பர்வைசர் இதை "லேபர் பிராப்ளம்" என்று எழுதுவார். நான் போய்த் தெர்மாமீட்டர் வைத்தால் அது வெப்பப் பிரச்சினை.

இதை ஒழுங்காக அளந்தவர்களும் இருக்கிறார்கள். ஈ. சோமநாதன், ரோகிணி சோமநாதன், அனந்த் சுதர்சன், மீனு திவாரி நால்வரும் 2021-ல் வெளியிட்ட ஆய்வு. நெசவு, தையல், இரும்பு ஆலைகளில் தினசரி உற்பத்திக் கணக்கையும் வருகைப் பதிவேட்டையும் வெப்பநிலையோடு வைத்துப் பார்த்தார்கள். பிறகு நாடு முழுவதும் உள்ள தொழிற்சாலைகளின் ஆண்டுக் கணக்கை எடுத்தார்கள். ஒரு டிகிரி கூடினால் ஆண்டு உற்பத்தி ஏறத்தாழ 2 சதவீதம் குறைகிறது. வேலையிடத்தைக் குளிர்வித்தால் வேகக் குறைவு பெருமளவு சரியாகிவிடுகிறது. வராமல் போவது அவ்வளவு சரியாவதில்லை, ஏனென்றால் ஏ.சி. கம்பெனியில் இருக்கிறது, தொழிலாளி தூங்குவது தன் வீட்டில். சர்வதேச தொழிலாளர் அமைப்பு 2019-ல் போட்ட கணக்குப்படி, 2030-ல் இந்தியா வெப்பத்தால் இழக்கப்போகும் வேலை நேரம் 5.8 சதவீதம், 3 கோடியே 40 லட்சம் முழுநேர வேலைகளுக்குச் சமம். இது முன்கணிப்பு என்பதால் தொழிற்சாலைக் கணக்கு அளவுக்கு நான் இதில் சாய மாட்டேன். ஆனால் இதில் பெரும்பங்கு வயலிலும் கட்டட வேலையிலும்தான், அங்கே ஏ.சி. போட முடியாது.

இன்னொரு சின்ன ஆய்வு, என் தொழிலுக்கு நெருக்கமானது. பெங்களூரு தையல் ஆலைகளில் டியூப் லைட்டை எடுத்துவிட்டு எல்.இ.டி. போட்டார்கள், கரன்ட் மிச்சத்துக்காக. டியூப் லைட் தையல்காரர் தலைக்கு மேலே விடும் சூடு போனதும், வெயில் நாட்களில் வேலை வேகம் கூடியது. கரன்ட் மிச்சத்தை மட்டும் கணக்குப் போட்டதைவிட முதலீடு பல மடங்கு வேகமாகத் திரும்பியது. நான் எத்தனையோ ரிப்போர்ட்டில் எல்.இ.டி.க்கு யூனிட் மிச்சத்தை மட்டும் போட்டு "இத்தனை வருடத்தில் போட்ட பணம் திரும்பும்" என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். அத்தனையும் தப்பு, குறைவான பக்கம் தப்பு.

வெயிலும் கரன்ட்டும் ஒரே தட்டு என்றேன் அல்லவா, அதற்கு 2022 வசந்தம் போதும். அந்த மார்ச், இந்தியாவில் 1901-க்குப் பிறகு பதிவான மார்ச் மாதங்களிலேயே அதிக வெப்பமானது. ஏ.சி.யும் ஏர்கூலரும் வழக்கத்துக்கு ஒரு மாதம் முன்பே ஓடத் தொடங்கின. அனல்மின் நிலையங்களில் நிலக்கரி இருப்பு கரைந்தது. உக்ரைன் போரால் வெளிநாட்டு நிலக்கரி விலை எகிறி இருந்தது. பல மாநிலங்களில் மின்வெட்டு. நிலக்கரி வண்டிக்குப் பாதை விட, பயணிகள் ரயில்களை ரத்து செய்தார்கள். அதே வெயிலில் வடக்கே கோதுமை மணி பிடிக்கும் நேரத்தில் காய்ந்து சுருங்கியது; மே 13-ல் கோதுமை ஏற்றுமதிக்குத் தடை. ஒரே ஒரு மாத வெயில் தொழிலாளியையும், மின்சாரத்தையும், ரயிலையும், கோதுமை விலையையும் சேர்த்து இழுத்துவிட்டது. இதில் "காலநிலை நஷ்டம்" எவ்வளவு, "எரிசக்தி நஷ்டம்" எவ்வளவு என்று எந்த வரியில் கோடு போடுவீர்கள்?

இனி நீங்கள் பாடத்தில் படித்திருக்கக்கூடிய பெரிய எண்கள். டெல், ஜோன்ஸ், ஓல்கன் மூவரின் 2012 கட்டுரை: ஒரு வருடம் வழக்கத்தைவிட ஒரு டிகிரி கூடினால் ஏழை நாடுகளின் வளர்ச்சி விகிதத்தில் சுமார் 1.3 சதவீதப் புள்ளி போகிறது, பணக்கார நாடுகளில் தெளிவான விளைவு தெரியவில்லை. பர்க், சியாங், மிகல் மூவரின் 2015 கட்டுரை: ஆண்டுச் சராசரி 13 டிகிரி அளவில் பொருளாதாரம் நன்றாக ஓடுகிறது, அதற்கு மேல் போகப் போக இறங்குகிறது, இப்படியே விட்டால் 2100-ல் உலக வருமானம் 23 சதவீதம் குறைந்திருக்கும். இதில் நான் கெட்டி என்று சொல்வது ஒன்றுதான்: வெப்பமான வருடத்தில் ஏழை நாடுகளின் உற்பத்தி குறைகிறது. வேறு வேறு தரவு, வேறு வேறு முறை, எல்லாம் அதே திசையைக் காட்டுகின்றன. மேலே சொன்ன தொழிற்சாலைக் கணக்கும் அதோடு பொருந்துகிறது.

புகை என்று சொல்வது 2100. காரணத்தை அந்த விசைத்தறிக்காரரை வைத்துச் சொல்கிறேன். வெயிலால் ஒரு நாள் தறி நின்றால் அந்த நாள் கூலி போகும், அடுத்த நாள் பழையபடி ஓடும். அது ஒருமுறை நஷ்டம். நாலு தறியை இரும்புக்குப் போட்டுவிட்டால், அடுத்த வருடமும் அதற்கடுத்த வருடமும் அவர் நாலு தறிக்காரர்தான். நஷ்டம் வட்டி போட்டு வளரும். நாடுகளுக்கு நடப்பது முதல் வகையா இரண்டாம் வகையா என்பதில்தான் பொருளாதார அறிஞர்கள் இன்னும் பிடிபிடியென்று சண்டை போடுகிறார்கள். முதல் வகை என்றால் 2100-ன் நஷ்டம் சில சதவீதம். இரண்டாம் வகை என்றால் பல பத்து சதவீதம். ஐம்பது அறுபது வருடத் தரவை வைத்து இதைத் தீர்க்க முடியவில்லை. 2024-ல் நேச்சர் இதழில் ஒரு கட்டுரை, நூற்றாண்டின் நடுவிலேயே உலக வருமானத்தில் 19 சதவீதம் போகும் என்றது. மத்திய வங்கிகள்வரை அந்த எண்ணை எடுத்துக்கொண்டன. உஸ்பெகிஸ்தான் என்ற ஒரே நாட்டின் பழுதான தரவை எடுத்துவிட்டால் விளைவு பெரிதும் மாறுகிறது என்று பிறகு மற்றவர்கள் காட்டினார்கள். 2025 டிசம்பரில் கட்டுரையையே திரும்பப் பெற்றார்கள். இதை வைத்து "பார், எல்லாம் புருடா" என்று கிளம்புகிறவர்களுக்கு: தெர்மாமீட்டர் ஒன்று உடைந்ததால் காய்ச்சல் போய்விடாது. ஆனால் உங்கள் ஆய்வின் முதல் பக்கத்தில் 2100-க்கு ஒரு சதவீத எண்ணைப் போடாதீர்கள்.

எதிர்ப்பக்கத்தையும் அதே கண்ணால் பார்க்க வேண்டும். "மின்சாரம் பயன்படுத்தும் நாடுகள் பணக்கார நாடுகள், ஆகவே மின்சாரம் கொடுத்தால் பணம் வரும்" என்பதும் பாதிதான் கெட்டி. இந்தியாவில் தலைக்கு ஆண்டுக்குச் சுமார் 1,400 யூனிட், அமெரிக்காவில் 12,000-க்கு மேல். இந்த இடைவெளியோடு யாரும் பணக்கார நாடு ஆனதில்லை, சரி. ஆனால் கம்பி இழுத்த உடனே வளர்ச்சி வருவதும் இல்லை. இந்தியக் கிராம மின்மயத் திட்டத்தை ஆராய்ந்த பர்லிக், பிரியோனாஸ் இருவரும், சின்னஞ்சிறு கிராமங்களில் சில வருடங்களுக்குள் பெரிய பொருளாதார மாற்றம் எதையும் பார்க்கவில்லை. பெரிய கிராமங்களில்தான் பலன் தெரிந்தது. கென்யாவில் நடந்த சோதனையிலும் வீட்டு இணைப்பால் உடனடி வருமான உயர்வு பெரிதாக இல்லை. கோவைக்கு பைக்காரா வந்தபோது இங்கே பருத்தியும், வியாபாரியும், கடன் கொடுக்கிறவரும், மில் நடத்தத் தெரிந்தவர்களும் ஏற்கெனவே இருந்தார்கள். கரன்ட் கடைசியாக வந்து சேர்ந்த சாமான்.

இப்போது அந்த "மலிவான நிலக்கரி". தமிழ்நாட்டுக்கு வரும் நிலக்கரியின் வழியைப் பாருங்கள்: ஒடிசாவில் தால்ச்சேரில் வெட்டி, ரயிலில் பாரதீப்புக்குப் போய், கப்பலில் ஏறி எண்ணூருக்கோ தூத்துக்குடிக்கோ வந்து இறங்க வேண்டும். சுரங்க வாசலில் மலிவு, நம் வாசலில் அவ்வளவு இல்லை. சூரிய மின்சாரம் 2017-ல் ராஜஸ்தான் பட்லா ஏலத்தில் யூனிட் 2.44 ரூபாய், 2020 டிசம்பரில் குஜராத் ஏலத்தில் 1.99. அப்புறம் ஏன் எல்லோரும் உடனே மாறவில்லை? இரண்டு காரணம். முதலாவது மாலை ஆறரை மணி. 2024 மே 2-ல் தமிழ்நாட்டின் உச்சத் தேவை 20,800 மெகாவாட்டைத் தாண்டியது, ஊரெல்லாம் 40 டிகிரிக்கு மேல் கொதித்த நேரம். பகலில் சோலார் தாங்கும். சூரியன் இறங்கியதும் வீட்டு ஏ.சி.கள் ஏறும், சோலார் இறங்கும். நாட்டில் நிறுவப்பட்ட திறனில் பாதி கரியில்லாத மின்சாரம் என்று 2025 நடுவில் அறிவித்தார்கள், உண்மைதான். ஆனால் உற்பத்தியான யூனிட்டில் நிலக்கரியின் பங்கு அந்த வருடமும் சுமார் 70 சதவீதம். பேட்டரி சேர்த்த ஏலங்களில் 2024 கடைசியில் மூன்றரை ரூபாய் அளவுக்கு இறங்கியிருக்கிறது, ஆனால் அது மாலையின் சில மணி நேரத்துக்கு. ராத்திரி முழுக்கத் தாங்க என்ன ஆகும் என்பது பேட்டரி விலை எவ்வளவு வேகமாக விழும் என்பதைப் பொறுத்தது. அங்கே யார் உறுதியாகப் பேசினாலும் நம்பாதீர்கள், நான் பேசினாலும்.

இரண்டாவது காரணம் வட்டி. இதை யாரும் அதிகம் பேசுவதில்லை, எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. ஒரு மெகாவாட் சோலார் போட ஏறத்தாழ 4 கோடி. நம் பக்கம் அது வருடத்துக்கு 16 லட்சம் யூனிட் தரும். எரிபொருள் செலவு கிடையாது, எல்லாச் செலவும் முதல் நாளே. 5 சதவீத வட்டிக்குக் கடன் கிடைக்கிற நாட்டில் முதல் வருட வட்டி 20 லட்சம். 11 சதவீதத்துக்கு வாங்குகிற நாட்டில் 44 லட்சம். வித்தியாசம் 24 லட்சம், யூனிட்டுக்கு ஒன்றரை ரூபாய். அதே பேனல், அதே வெயில் (நம் வெயில் இன்னும் நல்ல வெயில்). நிலக்கரியில் செலவின் பெரும்பகுதி மாதாமாதம் எரித்து எரித்துக் கொடுப்பது, அதனால் வட்டி அவ்வளவு கடிக்காது. ஆகவே ஏழை நாட்டில் நிலக்கரி மலிவாகத் தெரிவதில் ஒரு பங்கு, கடன் விலை அங்கே கூடுதலாக இருப்பது. இதோடு மாநில மின் நிறுவனத்தின் நிதி நிலையும் சேர்ந்துகொள்கிறது. தமிழ்நாட்டில் அதன் கடன் ஒன்றரை லட்சம் கோடியைத் தாண்டியது. இப்படி ஒரு வாடிக்கையாளரை நம்பிக் கடன் கொடுக்கும் வங்கி வட்டியை ஏற்றித்தான் கேட்கும்.

வெளிநாட்டு எரிபொருளை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு அண்டை நாடுகள் இருக்கின்றன. 2022-ல் இலங்கையில் டாலர் தீர்ந்தது, எண்ணெய்க்குக் காசில்லை, மார்ச் கடைசியில் ஒரு நாளுக்கு 13 மணி நேர மின்வெட்டு. அது காலநிலையால் வந்ததில்லை, நிதி நிர்வாகத்தால் வந்தது, குழப்பிக்கொள்ள வேண்டாம். பாகிஸ்தான் அதே வருடம் எரிவாயு வாங்க டெண்டர் விட்டபோது விற்க ஆள் வரவில்லை, ஐரோப்பா எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டிருந்தது. அந்தக் கோடையின் வெள்ளம் தனியாக 3,000 கோடி டாலர் அளவுக்குச் சேதமும் இழப்பும் கொடுத்தது. அடுத்து நடந்தது சுவாரசியம்: கரன்ட் பில் தாங்காமல் மக்களே சீனப் பேனல்களை வாங்கிக் கூரையில் போட்டார்கள், 2024-ல் மட்டும் சுமார் 17 கிகாவாட் இறக்குமதி. அரசு திட்டம் போட்டு நடந்ததில்லை. ஆனால் கூரையும் காசும் இல்லாதவர்கள் பழைய மின்தொகுப்பிலேயே நிற்கிறார்கள், அனல்மின் நிலையங்களுக்கு ஒப்பந்தப்படி கொடுக்க வேண்டிய நிலையான கட்டணம் இப்போது குறைவான தலைகளின் மேல் விழுகிறது. சோமனூரில் ஜெனரேட்டர் இருந்தவர், இல்லாதவர் என்று பார்த்தோமே, அதே கதை பெரிய அளவில்.

ஆகவே உங்கள் "எது பெரிது"க்கு என் பதில்: பற்றாக்குறைக் காலத்து இந்தியாவில் மின்வெட்டு ஆலை வருவாயில் 5 முதல் 10 சதவீதம், வெயில் ஒரு டிகிரிக்கு உற்பத்தியில் 2 சதவீதம். இரண்டும் ஒன்றையே அளக்கவில்லை, கூட்டவோ கழிக்கவோ முடியாது, ஆனாலும் அன்றைக்கு எது பெரிய நஷ்டம் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை, கரன்ட் இல்லாததுதான். அந்தப் பற்றாக்குறை இப்போது அரசுக் கணக்கில் ஒரு சதவீதத்துக்கும் கீழே வந்துவிட்டது, அதற்குப் புது நிலக்கரி நிலையங்களும் பெரிய காரணம். உங்கள் பேராசிரியருக்கு அந்த மரியாதையைக் கொடுத்துவிட வேண்டும். ஆனால் அந்த நஷ்டம் குறைந்துவிட்டது, வெயில் நஷ்டம் ஏறிக்கொண்டிருக்கிறது, பழைய நஷ்டத்தையும் மறுபடி கூட்டி வரும் வலு அதற்கு உண்டு. இருக்கிற நிலையங்களை நாளையே மூடச் சொல்பவர்களோடு நான் இல்லை. பகல் தேவைக்காக இன்னொன்று கட்டுவதை மட்டும் எந்தக் கணக்காலும் என்னால் நியாயப்படுத்த முடியவில்லை.

தரவு கேட்டீர்கள். மின்வெட்டுக்கும் வெயிலுக்கும் நான் சொன்ன இரண்டு இந்தியத் தொழிற்சாலை ஆய்வுகளும் ஆண்டுத் தொழில் கணக்கெடுப்பை வைத்துச் செய்தவை. மின்சாரம் பயன்படுத்தினால் பத்துப் பேர், இல்லையென்றால் இருபது பேர், அதற்கு மேல் வேலை செய்த பதிவான தொழிற்சாலைகள் மட்டும்தான் அந்த ஆய்வுகளின் காலத்தில் அதில் வந்தன. உங்கள் ஊர் இளம்பிள்ளைத் தறிகளில் பாதி அதற்குள் வராது. செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறைகள் அறவே வராது. ஏப்ரலில் ஒரு மதியம் அப்படி ஒரு பட்டறையில் போய் உட்காருங்கள். கொலுசுக்குப் பற்றுவைக்கிற இடத்தில், தீ அலையும் என்று விசிறியை நிறுத்தி வைத்திருப்பார்கள். காலையில் எத்தனை ஜோடி, மதியம் எத்தனை ஜோடி, உள்ளே எத்தனை டிகிரி, கரன்ட் எப்போது போனது என்று ஒரு நோட்டில் மூன்று மாதம் எழுதி வாருங்கள். நூறு ரூபாய் தெர்மாமீட்டர் போதும். எழுதி முடித்ததும் எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள்.